கைச்சைகையா, ஒளிவட்டமா, ஐந்து யார்டா: உதையைப் பிடிப்பவரைக் காக்க எந்த விதி?

அமெரிக்கக் கால்பந்தை ஆடவும் நடத்தவும் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பன்ட் உதையைப் (கையிலிருந்து விட்ட பந்தை எதிரணிப் பக்கம் தொலைவாக உதைப்பது) பிடிப்பவரைக் காப்பதற்கு எங்கள் வார இறுதி லீகில் எந்த விதியை எடுத்துக்கொள்வது? ஒருவர் உயர்நிலைப் பள்ளி விதிநூலை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அவருடைய கூட்டாளி, தொலைக்காட்சியில் பார்த்த என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) வழக்கமே சரி என்கிறார். கனடாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த மூன்றாமவரோ, கையசைப்பெல்லாம் எதற்கு, ஐந்து யார்டு தள்ளி நில் என்று சொல்லிவிட்டால் தகராறே இராது என்கிறார். மூவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் கூட்டம் கலைகிறது.

பிரச்சினை என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். பன்ட் உதை நான்கு முதல் ஐந்து வினாடி வரை காற்றில் இருக்கும். பிடிப்பவர் அவ்வளவு நேரமும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். உதைத்த அணியின் ‘கன்னர்’கள் (பிடிப்பவரைத் தடுக்க முன்னே விரைந்து ஓடுபவர்கள்) அந்த நேரத்தில் நாற்பது யார்டு முழு வேகத்தில் ஓடி வருகிறார்கள். தன்னை நோக்கி யார், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தற்காத்துக்கொள்ள முடியாத இந்த நிலையில் அவருக்கு எவ்வளவு வெளி கொடுப்பது, அதை மீறியதை யார் கண்டுபிடிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் மூன்று மரபுகள் மூன்று விதமாக விடை சொல்லியிருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

பாதுகாப்புதான் முதல் அளவுகோல் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதிநூலில் எழுதிய பாதுகாப்பு மைதானத்துக்கு வந்து சேர வேண்டுமானால், பந்து இறங்கும் இடத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். என்எஃப்எல் ஆட்டத்தில் ஏழு நடுவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தின் மேல் மட்டத்தில் எட்டுப் பேர். உயர்நிலைப் பள்ளியின் முதன்மை அணி ஆட்டத்தில் பெரும்பாலும் ஐந்து பேர். வார இறுதி லீகில் மூன்று பேர் கிடைத்தாலே பெரிது. பன்ட் உதையின்போது அவர்களில் ஒருவர்தான் பின்களத்தில் நிற்க முடியும். ஆகவே அந்த ஒரு ஜோடிக் கண்ணால் விதியை நடத்த முடியுமா என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

அடுத்தது, நடுவர் தவறினால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பது. மறுபார்வைக் கேமரா இல்லாத இடத்தில் இதன் கனம் கூடும். பந்தைப் பிடித்து ஓடும் ஓட்டம் ஆட்டத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும், உங்கள் ஆட்டக்காரர்கள் எந்த விதியில் பழகி வந்திருக்கிறார்கள் என்பதும் மீதி இரண்டு. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு ஒரு விதியில் ஓடிய காலுக்கு இன்னொரு விதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிப் பழக்க முடியாது.

## முதல் வழி: கைச்சைகையும் நடுவரின் தீர்ப்பும்

அமெரிக்காவின் மூன்று பெரிய விதிநூல்களும் (உயர்நிலைப் பள்ளிகளுக்கான என்எஃப்எச்எஸ், கல்லூரிகளுக்கான என்சிஏஏ, தொழில்முறை என்எஃப்எல்) இந்த வழியில் செல்பவைதான். பிடிப்பவர் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்தால் அது ‘ஃபேர் கேட்ச்’ சைகை. அதன் பிறகு அவர் பந்தைப் பிடித்ததும் ஆட்டம் அங்கேயே நிற்கும். அவரை யாரும் தாக்க முடியாது, அவரும் ஓட முடியாது. ஓடும் உரிமையைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பை வாங்கிக்கொள்ளும் பேரம் இது.

இங்கே புதிதாக வருபவர்கள் மிக அதிகமாகத் தவறுவது ஓர் இடத்தில். கை அசைத்தால்தான் பிடிப்பவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று நூல்களிலும் அப்படி இல்லை. கை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும், காற்றில் வரும் உதையைப் பிடிக்கும் நிலையில் இருப்பவருக்குத் தடையில்லாத வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கெடுப்பதுதான் பிடிப்புக் குறுக்கீடு. சைகை தராதவர் பந்தைத் தொட்ட அந்தக் கணத்தில் அவரைத் தாக்கலாம், தந்தவரைப் பிடித்த பிறகும் தாக்கக் கூடாது. இருவருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

குறுக்கீட்டுக்கு உடல் மோதலும் தேவையில்லை. பந்து இறங்கும் இடத்துக்குப் போகும் வழியில் எதிரணிக்காரர் நிற்க, பிடிப்பவர் அவரைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தாலே குற்றம்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். அங்கே கேட்ச் பிடிக்கப் போகும் ஃபீல்டரை பேட்ஸ்மேன் தடுத்தால் ‘வேண்டுமென்றே செய்தாரா’ என்று அம்பயர் பார்ப்பார். இங்கே எண்ணத்தை யாரும் கேட்பதில்லை. உதைத்த அணிக்காரரை எதிரணியே தள்ளிப் பிடிப்பவர்மேல் விழவைத்தால் மட்டும் அவருக்கு விலக்கு உண்டு.

இந்த விலக்குதான் தனி நடுவரின் தலைவலி. நடுவராக நின்ற முதல் பருவத்தில் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். உயரமான ஓர் உதை. பிடிப்பவருக்குச் சற்றுப் பின்னாலும் பக்கவாட்டிலுமாக, நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தேன். ஆனால் பந்து எங்கே வருகிறது என்று ஒரு நொடி அண்ணாந்து பார்த்துவிட்டேன். கண் கீழே வந்தபோது இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள், பந்து உருண்டுகொண்டிருந்தது. மோதல் முதலிலா, பந்து கையில் பட்டது முதலிலா, அந்தக் கன்னரை யாராவது முதுகில் தள்ளினார்களா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. குற்றம் கண்டால் வீச வேண்டிய கொடி என் இடுப்பிலேயே இருந்தது. பந்தைப் பார்க்காதே, பிடிப்பவரைப் பார், பந்து தானே அவரிடம் வந்து சேரும் என்று மூத்த நடுவர்கள் ஏன் ஓயாமல் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

### மூன்று நூல்கள், ஒரே கை

ஒரே குடும்பம் என்றாலும் இம்மூன்று நூல்களையும் கலந்து பயன்படுத்த முடியாது. லீக் நடத்துபவருக்கு முக்கியமான வேறுபாடுகள் இவை:

| | உயர்நிலைப் பள்ளி | கல்லூரி | என்எஃப்எல் |
|---|---|---|---|
| சரியான சைகை | ஒரு கை முழு நீளத்துக்கு தலைக்கு மேல், பக்கவாட்டு அசைவு | ஒரு கை தெளிவாகத் தலைக்கு மேல், ஒரு முறைக்கு மேல் அசைவு | ஒரு கை முழு நீளத்துக்கு தலைக்கு மேல், பக்கவாட்டு அசைவு |
| தவறான சைகை | 5 யார்டு தண்டனை | தண்டனை இல்லை. ஆனால் பந்தை எடுத்த இடத்தில் ஆட்டம் நிற்கும் | 5 யார்டு தண்டனை |
| சரியான சைகைக்குப் பின் பந்து கையில் பட்டு நழுவினால் | பந்தைத் தொட்டதோடு பாதுகாப்பு முடியும் | பிடிக்க வாய்ப்பிருக்கும்வரை, தரையில் படும்வரை நீளும் | தரையில் படும்வரை நீளும் |
| பிடித்த இடத்திலிருந்து கோலுக்கு நேரடி உதை | உண்டு | இல்லை | உண்டு |

கல்லூரி நூலில் இன்னொன்றும் உண்டு. 2012 முதல், பிடிப்பவரின் தோள் அகலத்துக்கு, அவருக்கு முன்னால் ஒரு யார்டு தூரம் ஒரு சிறு வெளி வரையறுக்கப்பட்டிருக்கிறது. அவர் பந்தைத் தொடுமுன் உதைத்த அணிக்காரர் அதற்குள் நுழைந்தால் குறுக்கீடு; சந்தேகம் வந்தால் குற்றம் என்றே கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. தனியாக நிற்கும் நடுவருக்கு இந்தக் கடைசி வரி பெரிய துணை, ஏனென்றால் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதை அவர் தானாக முடிவு செய்ய வேண்டியதில்லை.

### மறைந்திருக்கும் செலவு

கைச்சைகை முறையின் விலை, கை எப்போது சைகை ஆகிறது என்ற கேள்வியில் ஒளிந்திருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று அயோவா, மினசோட்டா பல்கலைக்கழக அணிகள் ஆடிய ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அயோவாவின் கூப்பர் டிஜீன் ஒரு பன்ட் உதையை எடுத்து 54 யார்டு ஓடி டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைக் கடப்பது) செய்தார். மைதானத்தில் எந்த நடுவரும் கொடி வீசவில்லை. அவர் கோட்டுக்கு வெளியே கால் வைத்தாரா என்று மறுபார்வையில் சோதித்தபோது, பந்து எடுப்பதற்கு முன் அவருடைய இடது கை தாழ்வாக அசைந்தது தெரிந்தது. அது தவறான ஃபேர் கேட்ச் சைகை என்று முடிவாயிற்று. பந்தை எடுத்த இடத்திலேயே ஆட்டம் நின்றதாகக் கொள்ளப்பட்டு டச்டவுன் நீக்கப்பட்டது. அயோவா 12–10 என்று தோற்றது. விதிப்படி தீர்ப்பு சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் கவனிக்கத்தக்கதாகப் படுவது வேறு: அந்த இடத்தில் நின்ற நடுவர்கள் யாருக்கும் அது சைகையாகத் தோன்றவில்லை, கேமராவுக்குத்தான் தோன்றியது. கேமரா இல்லாத லீகில் அதே கையசைவு இரண்டு அணிக்கும் இரண்டு விதமாகத் தெரியும், அதைத் தீர்த்துவைக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

என்எஃப்எல் நூலை எடுப்பவர்கள் இன்னொரு பொறியையும் சேர்த்தே எடுக்கிறார்கள். 2024 டிசம்பர் 19 அன்று சார்ஜர்ஸ், ப்ராங்கோஸ் ஆட்டத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் சார்ஜர்ஸ் வீரர் டெரியஸ் டேவிஸ் ஃபேர் கேட்ச் கேட்டார். ப்ராங்கோஸ் மீது குறுக்கீட்டுக் கொடி விழுந்தது. நேரம் முடிந்திருந்தாலும் 15 யார்டு தண்டனையால் பந்து எதிரணியின் 47ஆம் யார்டுக்கு நகர்ந்தது. அங்கிருந்து தடுப்பவர் யாரும் நெருங்க முடியாத நேரடி உதையாக கேமரன் டிக்கர் 57 யார்டு கோல் போட்டார். என்எஃப்எல்லில் 1976க்குப் பிறகு இந்த வகையில் விழுந்த முதல் கோல் அது. பிடிப்புக் குறுக்கீடு ஒன்று மூன்று புள்ளியாக மாறிய இந்தக் கணக்கு உங்கள் லீகில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால், எதிரணியில் அதைத் தெரிந்த ஒருவர் வரும்நாளில் பெரிய சண்டை காத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி நூலிலும் இந்த உரிமை உண்டு. கல்லூரி நூலில் இல்லை.

## இரண்டாம் வழி: இரண்டு யார்டு ஒளிவட்டம்

தீர்ப்பை நடுவரின் மனத்திலிருந்து எடுத்து அளவுகோலில் வைக்கலாமே என்று கல்லூரி ஆட்டம் 1983இல் முயன்று பார்த்தது. பிடிப்பவரைச் சுற்றி இரண்டு யார்டு வட்டம்; அவர் பந்தைத் தொடுமுன் உதைத்த அணிக்காரர் யாரும் அதற்குள் வரக் கூடாது. வட்டத்துக்குள் வந்தால் 5 யார்டு, வந்து மோதினால் 15 யார்டு. ஃபேர் கேட்ச் சைகையும் உடன் இருந்தது. இருபது பருவம் ஓடிய இந்த விதி 2003இல் நீக்கப்பட்டது.

காகிதத்தில் இதைவிட நேர்த்தியான விதி கிடையாது; வார இறுதி லீக்குகள் இதன்மேல் ஆசைப்படுவதும் அதனால்தான். மைதானத்தில் வட்டம் வரைந்து வைக்க முடியாதே. அது பிடிப்பவரோடு சேர்ந்து நகரும். காற்றில் பந்து விலகி, அவர் மூன்று அடி பக்கவாட்டில் எடுத்துவைத்தால், அசையாமல் நின்றுகொண்டிருந்த எதிரணிக்காரர் வட்டத்துக்குள் வந்துவிடுகிறார், குற்றவாளியும் ஆகிவிடுகிறார். ஆட்டத்துக்குத் தொடர்பே இல்லாமல் பக்கத்தில் ஓடியவர்மேலும் கொடி விழுகிறது. வினாடிக்கு எட்டு யார்டு ஓடுபவருக்கு இரண்டு யார்டு என்பது கால் வினாடி. கால் வினாடி வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நடுவர் பந்து கையில் படும் கணத்தையும் காலடித் தூரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பிடிப்பவருக்கு நேர் பின்னால் நின்றால் தூரம் தெரியாது, பக்கவாட்டில் நின்றால் மறுபக்கத்திலிருந்து வருபவர் தெரியமாட்டார்.

எண் இருப்பதால் எளிது என்ற மயக்கத்தில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், முதல் வழியைவிடக் கூடுதலான கண்களைக் கேட்கும் விதியைத் தெரியாமல் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி ஆட்டம் பின்னாளில் முன்பக்கம் மட்டும், அதுவும் ஒரு யார்டு மட்டும் என்று இந்த வெளியைச் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்ததே போதிய பாடம். முழு வட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பின்களத்தில் மூன்று நடுவர் நிற்கும் லீக் வேண்டுமானால் யோசிக்கலாம். அப்படிப்பட்ட லீகுக்கு இது தேவையும் இராது.

## மூன்றாம் வழி: கனடாவின் ஐந்து யார்டு

கனடியக் கால்பந்தில் ஃபேர் கேட்ச் என்பதே கிடையாது. பிடிப்பவர் பந்தைத் தொடும்வரை உதைத்த அணிக்காரர்கள் அவரிடமிருந்து ஐந்து யார்டு தள்ளி நிற்க வேண்டும். மீறினால் ‘நோ யார்ட்ஸ்’ தண்டனை. உதைத்தவருக்கும், உதைத்த நேரத்தில் அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் ஓடி வந்து பந்தைக் கைப்பற்றவும் செய்யலாம். அமெரிக்காவிலும் 2001இல் ஒரே பருவம் நடந்த எக்ஸ்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் ஃபேர் கேட்சை நீக்கிவிட்டு ஐந்து யார்டு வெளியைக் கையாண்டது.

ஒரு ஜோடிக் கண் என்ற அளவுகோலில் இந்த வழி மற்ற இரண்டையும் முந்துகிறது. ஐந்து யார்டு என்பது நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் தூரம். அரை யார்டு முன்பின் ஆனாலும் பிடிப்பவருக்கு ஆபத்து இல்லை. கை அசைந்ததா, எவ்வளவு உயரத்தில் அசைந்தது என்ற பேச்சே எழாது. ஓடுபவரும் மகிழ்ச்சியாக இருப்பார், ஏனென்றால் அநேகமாக ஒவ்வோர் உதையும் ஓட்டமாக மாறும்.

விலையைக் கொடுப்பது உதைக்கும் அணி. கனடாவின் மைதானம் 65 யார்டு அகலம், அணிக்குப் பன்னிரண்டு பேர். அந்த அகலத்துக்கும் ஆள் கணக்குக்கும் ஏற்ப வளர்ந்த விதி இது. பிடித்த பந்தைத் தன் எண்ட் ஸோனிலிருந்து (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) வெளியே கொண்டுவராமல் விட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி போய்விடும் என்பதால், ஓட்டத்துக்கு அங்கே வேறொரு கட்டாயமும் உண்டு. அமெரிக்க மைதானத்தின் அகலம் 53⅓ யார்டுதான், ஆட்கள் பதினொருவர். விதியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால், நாற்பது யார்டு ஓடி வந்த கன்னர் ஐந்து யார்டு முன்னால் பிரேக் போட்டு நின்று, மறுபடியும் வேகமெடுக்க வேண்டியிருக்கும். அப்போது உயரமாக உதைக்கும் திறமைக்குப் பயனே இல்லாமல் போய், பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தப்பிப்பதே புத்திசாலித்தனம் ஆகிவிடும். அதைவிடப் பெரிய செலவு பழக்கம். அமெரிக்கப் பள்ளியில் ஆடி வளர்ந்த பையன், எதிரணி கை அசைக்கவில்லையென்றால் பந்தோடு சேர்ந்தே போய்ச் சேரத்தான் பயின்றிருக்கிறான். முதல் சில வாரம் அவன் ஐந்து யார்டில் நிற்கமாட்டான். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த விதி அந்த வாரங்களில் பாதுகாப்பைக் குறைக்கும்.

## யாருக்கு எது

உங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பள்ளிகளில் ஆடியவர்கள், பின்களத்தில் ஒரு நடுவர்தான் என்றால், கல்லூரி நூலின் பன்ட் விதிகளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி நூல் அவர்களுக்கு இன்னும் பழக்கமானதுதான். ஆனால் முன்பக்க ஒரு யார்டு, சந்தேகம் வந்தால் குற்றம் என்ற வரி, நேரடிக் கோல் உதை இல்லாமை ஆகிய மூன்றும் தனி நடுவருக்குச் சுமையைக் குறைக்கின்றன. நழுவிய பந்துக்குப் பாதுகாப்பு தரையில் படும்வரை நீள்வதும் அடிபடுவதைத் தவிர்க்கும் பக்கமே சாய்கிறது. பதின்வயதினர் ஆடும் லீக் என்றால் மட்டும் உயர்நிலைப் பள்ளி நூலோடு நில்லுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரு விதி, ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வேறு விதி என்று பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

அகன்ற மைதானம், பன்னிரண்டு பேர், கனடியப் பந்தாட்டத்தில் பழகியவர்கள் என்று அமைந்தால் ஐந்து யார்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. முழு மோதல் இல்லாத, எதிராளியின் இடுப்பில் கட்டிய துணியைப் பிடுங்கித் தடுக்கும் ‘ஃப்ளாக் ஃபுட்பால்’ ஆட்டக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே கன்னர் நின்று மறுபடி ஓடுவதால் பெரிய நட்டம் எதுவும் வருவதில்லை. என்எஃப்எல் நூலை எடுத்துக்கொள்ள, தொலைக்காட்சியில் பார்த்தோம் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தென்படவில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் உதையில் அந்த நூல் அடிக்கடி மாறியும் வருகிறது: 2023இல் 25 யார்டுக்குள் செய்த ஃபேர் கேட்சுக்கு 25ஆம் யார்டில் பந்து தந்தார்கள், 2024இல் கிக்ஆஃபில் ஃபேர் கேட்சையே எடுத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் புதிதாகப் படிக்க உங்கள் நடுவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவராகச் சேர்ந்திருப்பவருக்கு நூலைத் தேர்வு செய்யும் உரிமை இல்லை. ஒதுக்கிய ஆட்டத்தின் நூலை மட்டும் படித்தால் போதும், மற்ற இரண்டையும் ஓராண்டு மூடி வையுங்கள்.

எந்த நூலை எடுத்தாலும், காசு சுண்டுமுன் இரு அணித் தலைவர்களையும் அழைத்து, கையை உயர்த்தி ஒரு முறைக்கு மேல் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெயிலுக்குக் கண்ணை மறைப்பவர் கையை ஹெல்மெட்டுக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, அசைக்கவும் கூடாது. கையசைத்தவர் பந்தைத் தொடாமல் எதிரணியைத் தடுக்கப் போகக் கூடாது. உருளும் பந்திலிருந்து சகவீரர்களை விலகச் சொல்வதற்குக் கையை ஆட்டாமல் வாயால் கத்தட்டும். அமெரிக்க அணிகள் பலவும் இதற்கென்றே ‘பீட்டர்’ என்று ஒரு சொல் வைத்திருக்கின்றன, உங்கள் பையன்களுக்கு ‘விலகு’ என்பதே போதும்.